டாக்டரம்மாவின் உடுப்பு

உத்தியோகத்துக்கும் உடுப்புக்கும் உள்ள உறவு விசித்திரமானது. போலீஸ்காரருக்குக் காக்கி, வக்கீலுக்குக் கறுப்பு அங்கி, நர்ஸுக்குச் சீருடை என்று யாரோ எப்போதோ உட்கார்ந்து தீர்மானித்து வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்து, 'இன்றைக்கு எதை உடுத்துவது?' என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை அவர்களுக்கு மிச்சம். நம் ஊர்ப் பெண் டாக்டர்களுக்கு மட்டும் அப்படி ஒன்றும் ஏற்படவில்லை. ஆபரேஷன் அறைக்குள் போனால் பச்சையோ நீலமோ கொடுத்துவிடுகிறார்கள். வெளியே வந்தால் புடைவையோ சுடிதாரோ அவரவர் இஷ்டம். மேலே ஒரு வெள்ளைக் கோட்டு. கோட்டைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது எதுவானாலும் சரி என்பது எழுதாத சட்டம்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் தொல்லையில்லாமல்தான் நடக்கிறது. டாக்டரம்மா ஒரு குழந்தையைப் பெற்று, விடுப்பு முடிந்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நாளில்தான் அதில் இருக்கும் ஓட்டைகளெல்லாம் தெரிய வருகின்றன. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

என் தங்கை மகள் டாக்டர். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பொது மருத்துவப் பிரிவில் இருக்கிறாள். 1961-ஆம் வருஷத்துப் பிரசவகால நலச் சட்டம் உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு 12 வார விடுப்புக் கொடுத்தது. 2017-இல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். தமிழ்நாட்டு அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு 2021-லிருந்து ஒரு வருஷம் கிடைக்கிறது. இவள் தனியாரிடம் இருப்பதால் 26 வாரம். அதில் மூன்று வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. ஆக, குழந்தைக்கு ஐந்தரை மாதம் முடிவதற்குள் இவள் வேலையில் சேர வேண்டும்.

சேருவதற்குப் பத்து நாள் இருக்கையில் நான் பார்க்கப் போயிருந்தேன். அறை முழுவதும் துணிகள். பீரோவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கட்டிலில் எறிந்திருந்தாள். ஒன்று தோளில் பிடித்தது. இன்னொன்று இடுப்பில் ஏறவே இல்லை.

"பெரியம்மா, பேசாமல் பாலை நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றாள்.

"ஏண்டி, பால் போதவில்லையா?"

"போதாமல் என்ன? நிறையவே இருக்கிறது. அதுதான் தொல்லை. எதைப் போட்டுக்கொண்டு போனாலும் இரண்டு மணி நேரத்தில் நனைந்து போகிறது. நடுவில் எடுத்து வைக்கலாம் என்றால் இந்த உடுப்புகளில் ஒன்றையும் முழுக்கக் கழற்றாமல் முடியாது. வார்டிலே பதினைந்து பேர் பின்னால் வரும்போது என்ன செய்ய?"

எனக்குத் திக்கென்றது. தாய்ப்பாலின் அருமையைத் தினமும் நாலு பேருக்குப் பிரசங்கம் செய்கிறவள் இவள். ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டும், அதற்குமேல் மற்ற ஆகாரத்தோடு சேர்த்து இரண்டு வயதுவரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை மனப்பாடமாக ஒப்பிப்பாள். அப்படிப்பட்டவள் குழந்தைக்குப் பாலை நிறுத்தப் பார்க்கிறாள். காரணம் நோயுமில்லை, பலவீனமுமில்லை. சட்டைக்கு முன்பக்கம் திறப்பு இல்லை என்பதுதான்!

சிரிக்கத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் விஷயம் சின்னதல்ல. டாக்டரின் உடம்பு கேட்பது ஒன்று; பாலூட்டும் தாயின் உடம்பு கேட்பது வேறொன்று. இரண்டு உடம்பும் ஒன்றேயானபோது உடுப்பும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

டாக்டரின் உடம்பு கேட்பதை முதலில் சொல்கிறேன். கை சுதந்திரமாக இருக்க வேண்டும். ஒரு நோயாளியைத் தொட்டபின் அடுத்தவரைத் தொடுமுன் கை கழுவ வேண்டும்; அதுவும் விரல் நுனியை நனைத்துவிட்டு வருவது அல்ல, மணிக்கட்டு வரையில் தேய்த்துக் கழுவுவது. நீளக் கை, கைக்கடிகாரம், வளையல் எதுவும் இதற்கு இடைஞ்சல். இங்கிலாந்தில் 2007-ஆம் வருஷம் சுகாதார இலாகா, நோயாளிகளிடம் போகிறவர்கள் முழங்கைக்குக் கீழே ஒன்றும் அணியக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அப்புறம், குனிய வேண்டும், ஓட வேண்டும், இருதயம் நின்றுபோன ஒருவருக்கு நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். அந்தச் சமயத்தில் தலைப்பு எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துணி சூடான தண்ணீரைத் தாங்க வேண்டும். 60 டிகிரி சூட்டில் பத்து நிமிஷம் துவைத்தால் கிருமிகள் அநேகமாக எல்லாம் போய்விடும் என்பது கணக்கு. பை வேண்டும், செல்போன், சின்ன டார்ச், பேனா, குறிப்புச் சீட்டு எல்லாம் அதற்குள் போக வேண்டும்.

இனித் தாயின் உடம்பு. மூன்று நாலு மணிக்கு ஒரு தரம் பால் கட்டிக்கொள்ளும். எடுக்காவிட்டால் வலி, விட்டுவிட்டால் காய்ச்சல்வரை போகும். நாள் கணக்கில் எடுக்காமலே இருந்தால் சுரப்பே குறைந்துவிடும். தவிர, பால் சுரப்பதற்குக் கடிகாரம் மட்டும் காரணமல்ல. எங்கேயோ வேறு யாருடைய குழந்தையோ அழுதால் போதும், இவளுக்கு இங்கே சுரந்துவிடும். புறநோயாளிகள் வரிசையில் ஒரு குழந்தையாவது அழாத நாள் உண்டா? எடுத்த பாலையும் பத்திரப்படுத்த வேண்டும். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம் தாங்கும்; குளிர்பெட்டியில் நாலு நாள் தாங்கும். சென்னையில் 25 டிகிரியை மார்கழியில் கண்ணால் பார்த்தால் உண்டு. ஆகவே ஐஸ் கட்டி வைத்த பை ஒன்று கூடவே போக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஓர் அவஸ்தை. பிரசவமான உடம்பு இன்னும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிறது. வயிற்றைக் கீறி எடுத்த பிரசவம் என்றால், நாடாவோ இடுப்புப் பட்டையோ சரியாக அந்தத் தழும்பின் மேலேயே வந்து உட்காருகிறது. பாதம்கூட அரை அளவு கூடிவிடுவது உண்டு. பழைய செருப்புகள் கடிக்கும்.

புடைவையா, சுடிதாரா என்ற விவாதம் இரண்டு நாள் நடந்தது. நான் புடைவைக் கட்சி. பால் கொடுக்கும் தாய்க்கு நம் புடைவையைப் போல் இன்னோர் உடுப்பு உலகத்தில் கிடையாது என்பது என் அபிப்பிராயம். ரவிக்கைக்கு முன்பக்கம் கொக்கி. மேலே மறைவுக்குத் தலைப்பு. உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் கொசுவம் ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ரெயிலிலும் கல்யாணப் பந்தலிலும் பெண்கள் கூச்சமில்லாமல் குழந்தைக்குப் பால் கொடுத்தது புடைவையின் தயவால்தான்.

என் கட்சிக்குச் சாட்சியாக ஆனந்திபாய் ஜோஷியைக்கூட இழுத்தேன். 1885-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஜப்பான் தேசத்துப் பெண் ஒருத்தி, சிரியா தேசத்துப் பெண் ஒருத்தி, நம் ஆனந்திபாய் மூவரும் அவரவர் தேசத்து உடையில் இருக்கிறார்கள். ஆனந்திபாய் புடைவையில். மறு வருஷம் டாக்டர் பட்டம் வாங்கியவள் அவள். பதினாலு வயதில் ஒரு பிள்ளையைப் பெற்று, தக்க வைத்தியம் இல்லாமல் பத்தே நாளில் பறிகொடுத்தவள்; அந்தத் துக்கத்தில்தான் வைத்தியம் படிக்கப் போனாள். 1887-இல் 22 வயது நிறையுமுன் தானும் போய்விட்டாள்.

என் தங்கை மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அவள் பட்டம் வாங்கினாள் பெரியம்மா. வார்டிலே வேலை பார்க்க அவளுக்கு ஆயுசு இருக்கவில்லையே" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்ன காரணங்களும் நியாயந்தான். குனிந்து பார்க்கும்போது தலைப்பு ஒரு நோயாளியின் படுக்கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரின் படுக்கைக்குப் போகிறது. ஊக்குக் குத்தி நிறுத்தினால் பால் எடுக்கையில் அந்த ஊக்கு நாலையும் அவிழ்த்துக் குத்த வேண்டும். இரவு வேலையில் மாடிப்படி ஏறி ஓடும்போது கால் தடுக்குகிறது. சுடிதாரில் இந்தத் தொல்லை இல்லை. துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடலாம். ஆனால் அந்தச் சட்டை தலைவழியே மாட்டுகிற ஒரே துணி. பால் எடுக்க வேண்டுமென்றால் கழுத்துவரை தூக்க வேண்டும்.

இப்படி நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருக்கையில் அவளுடைய மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாளிடம் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயம். மருமகள் வளையலைக் கழற்றியதும், தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டதும் அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை என்று கேள்வி. உடுப்பு விஷயத்தில் என்ன சொல்லப் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் பள்ளிக்கூடத்திலே டீச்சராக இருந்தேன். இவள் புருஷன் பிறந்து மூன்றாம் மாசம் வேலைக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையிலே கணக்கு எழுதிவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்க்கிறதுகள். ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். குனிந்து பார்த்தால் ரவிக்கை முழுக்க ஈரம். அன்றைக்குச் சாயங்காலமே மல்லிகைப் பூ வாங்கி வைத்துக் கட்டிவிட்டேன்."

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்த பழைய வைத்தியம். 1988-இல் இதைச் சோதித்து ஒரு மருத்துவ இதழில் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அது ஆறுதல். இந்த அம்மாளுக்குக் குழந்தை வீட்டில் இருந்தது, உயிரோடு, பசியோடு.

"நாலு நாள் ஆயிற்று வற்றுவதற்கு. அந்த நாலு நாளும் இவள் புருஷன் அழுத அழுகை இன்னும் என் காதிலே இருக்கிறது. இவளுக்கு அது வேண்டாம். எந்த உடுப்பானாலும் சரி, சீக்கிரம் தைக்கக் கொடுங்கள்" என்றாள் அந்த அம்மாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அத்துடன் விவாதம் முடிந்தது.

மறுநாள் துணி வாங்கப் போனோம். கடைக்காரர்கள் 'ஆபீஸ் போகிறவர்களுக்கு' என்று காட்டுகிற துணிகளுக்கும் ஆபீஸுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு விளங்கவே இல்லை. நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. ஒன்று, வெளிர் நிறத்தில் வெறும் துணி கூடாது; ஈரம் உடனே தெரியும். இரண்டு, கருநீலம், கறுப்பு வெறும் துணியும் கூடாது. பால் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை நிற்கும். மூன்று, நெருக்கமான சின்னப் பூவோ புள்ளியோ போட்ட நடுத்தர நிறந்தான் எதையும் மறைக்கும். மதுரைச் சுங்குடியில் ஒரு துண்டு கையில் அகப்பட்டது. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி. பார்த்த கண் பூத்துப்போயிற்று. ஈரக் கைக்குட்டையை அதன்மேல் வைத்துத் தேய்த்தாள் என் பெண். கைக்குட்டை கத்தரிப்பூ ஆயிற்று. 60 டிகிரி வெந்நீரில் அது என்ன கதியாகும்? பெருமூச்சுடன் திரும்பக் கொடுத்துவிட்டு, சாயம் போகாத அச்சுத் துணியாக, முக்கால்வாசிக்கு மேல் பருத்தி கலந்ததாக எடுத்தோம். முழுப் பருத்தி உடம்புக்கு இதம். ஆனால் காய நேரமாகும், இஸ்திரி கேட்கும். முழு நைலக்ஸோ சென்னை வெயிலில் தண்டனை. வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஐந்து சட்டை, ஆஸ்பத்திரி அலமாரியில் மாற்றுக்கு ஒன்று, ஆக ஆறு. உடம்பு மாறிக்கொண்டிருக்கும்போது அதற்குமேல் தைப்பது வீண்.

அடுத்தது தையற்காரர். மைலாப்பூர்ச் சந்து ஒன்றில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். நாங்கள் கேட்டதைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பையா? லேடீஸ் சட்டையிலே பை வைத்தால் தொங்கும்மா. ஷேப் போய்விடும்."

"ஷேப் போகட்டும், டெய்லர். இரண்டு பை வேண்டும். பக்கத் தையலிலே வேண்டாம். முன்பக்கம், மேலே ஒட்டித் தையுங்கள். அடியிலே இரட்டைத் துணி" என்றாள் அவள்.

"சரி. இந்த ஜிப் எங்கேயென்று சொன்னீர்கள்?"

தோளிலிருந்து மார்பு வழியே இடுப்புக்கு இறங்கும் தையல் ஒன்று உண்டு. தையற்காரர்கள் அதைப் பிரின்சஸ் கட் என்பார்கள். அந்தத் தையலோடு தையலாக, வெளியே தெரியாமல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் நீளத்துக்கு ஜிப் வைக்க வேண்டும் என்று விளக்கினாள். எதற்கென்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜிப்பின் பல் உடம்பிலே படாமல் உள்ளே ஒரு பட்டி வைக்கிறேன். குழந்தையைத் தூக்கும்போதும் குத்தாது" என்றார். பிறகு தணிந்த குரலில், "என் மகளும் கம்பெனி வேலைக்குப் போகிறாள் அம்மா. இதைக் கேட்கத் தெரியவில்லை அவளுக்கு" என்றார்.

அந்த மனிதர் இன்னொரு காரியமும் செய்தார். நாங்கள் சொல்லாமலே பக்கத் தையல்களில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்தார். உடம்பு இளைத்தால் பிடிக்கலாம், பெருத்தால் பிரிக்கலாம். கால்சட்டைக்கு நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக். தழும்புக்கு மேலே நிற்கும்படி உயர்த்தி வைத்தது. வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேலே வெட்டிக் கொடுத்துவிட்டார். செருப்புக்குப் பதில், பின்பக்கம் மூடிய, கழுவக்கூடிய ஜோடு ஒன்று அரை அளவு பெரிதாக வாங்கினோம். மாமியார் பங்குக்குப் பழைய மல் வேட்டி ஒன்றைக் கிழித்து, ஆறு மடிப்பாக மடித்து, வட்டமாகத் தைத்து, இருபது மெத்தைகள் செய்து வைத்திருந்தாள். கடையில் விற்கும் எதுவும் அதற்கு ஈடில்லை என்று டாக்டரே சர்ட்டிபிகேட் கொடுத்தாள். கழற்றிய வளையல்கள் பூஜை அறையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் இருந்தன. மாலையில் வந்து குளித்து, உடுப்பு மாற்றி, அந்த வளையல்களைப் போட்டுக்கொண்ட பிறகுதான் குழந்தையைத் தொடுவது என்று ஏற்பாடு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குழந்தை கையைக் காலை ஆட்டத் தொடங்கிவிடும்.

உடுப்பு ஆயிற்று. இடம்? அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பால் எடுப்பதற்கென்று தனி அறை கிடையாது. கேட்டதற்கு, "பாத்ரூம் சுத்தமாக இருக்கிறதே, டாக்டர்" என்று பதில் வந்ததாம். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, சாதாரண இடைவேளை தவிர, பாலூட்டுவதற்கென்று தினம் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை இவள் எழுதிக் கொடுத்தாள். பதில் வரத் தாமதமாயிற்று. அதற்குள் வார்டின் தலைமை நர்ஸ் ஒரு காரியம் செய்தாள். ஈ.சி.ஜி. எடுக்கும் சின்ன அறை ஒன்று காலை பத்தரைக்கும் மதியம் இரண்டு மணிக்கும் காலியாக இருக்கும். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. கை கழுவத் தொட்டியும் உண்டு. அதன் சாவியை எடுத்து, பேசாமல் இவள் கையில் கொடுத்துவிட்டாள்.

முதல் வாரம் முடிந்து அவள் என்னிடம் சொன்னதுதான் எனக்கு மறக்க முடியாதது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கதவை யாரோ மெல்லத் தட்டினார்களாம். திறந்தால் இரண்டு இளம் நர்ஸுகள். இருவருக்கும் வீட்டில் கைக்குழந்தை. "டாக்டர், நீங்கள் முடித்தபிறகு நாங்களும் கொஞ்சம் உள்ளே வரலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சீருடைச் சட்டைக்கு முதலிலிருந்தே முன்பக்கம் பொத்தான் உண்டு. அவர்களுக்கு உடுப்பு இருந்தது, இடம் இல்லை. இத்தனை நாளும் அவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு, துணிகளை நனைத்துக்கொண்டு, ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். டாக்டர் ஒருத்தி கேட்ட பிறகுதான் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது அந்தக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறதாம். மூன்று பேருடைய நேரமும் அதில் எழுதியிருக்கிறது. ஐஸ் பைகள் மூன்றும் ஒரே பெட்டியில் பெயரெழுதி வைத்திருக்கின்றன.

நீங்கள் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் முறை வருகிற சமயத்தில், சின்னப் பூப்போட்ட சட்டையும் அரைக்கைக் கோட்டுமாக இருக்கும் டாக்டரம்மா எழுந்து, கையில் ஒரு பையோடு எங்கேயோ போய்விடுவாள். கால் மணி நேரம் ஆளைக் காணாது. பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார். அவரிடம், "வந்துவிடுவாள், சார், பத்து நிமிஷந்தான்" என்று நீங்களாவது சொல்லுங்கள்.